ஆறு தடவை அடிச்சேன்

ஜெலுத்தோங், பினாங்கு
11 பிப்ரவரி 2024

அன்பு குணவதி அக்காவுக்கு,

ஜெகா எழுதுகிறேன். தீபாவளி வாழ்த்துக்குப் பிறகு இப்போதுதான் பேனாவைத் தொடுகிறேன். முட்டிவலி குறைந்ததா? பாலிக் புலாவில் மழை என்று கேள்விப்பட்டேன், வாசல் படியில் பார்த்து இறங்குங்கள். மகள் நித்யாவுக்கு நீதித்துறையில் வேலை கிடைத்ததாகச் சொன்னீர்களே, சேர்ந்துவிட்டாளா?

நல்ல செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். லோகேஸ் அண்ணனுக்குத் தூக்கு இல்லை. கட்டாயத் தூக்குச் சட்டத்தை எடுத்துவிட்டு, பழைய கேஸ்களையெல்லாம் திரும்பப் பார்க்கிறார்கள் அல்லவா? ஜனவரி கடைசியில் அண்ணன் முறை வந்தது. முப்பது வருடச் சிறை, பன்னிரண்டு பிரம்படி. பிடித்த நாளிலிருந்து எண்ணி, நன்னடத்தைக்குக் கழித்தால் 2027-இல் வெளியே வந்துவிடலாமாம். பிரம்படி என்றைக்கு என்று மட்டும் முன்கூட்டிச் சொல்லமாட்டார்களாம்.

மறுநாளே எங்கள் பிளாட்டுக்குத் தொகுதி உறுப்பினர் ஒய்.பி. வந்துவிட்டார். கையில் பழக்கூடை, பின்னால் போட்டோ எடுக்க மூன்று பேர். "இதான்மா சீர்திருத்தம். பேசிக்கிட்டே இருந்தாங்க எல்லாரும், நாங்க செஞ்சு காட்டிட்டோம்லா. உங்க அண்ணனுக்கு உயிரையே திருப்பிக் கொடுத்திருக்கோம். கொஞ்சம் சிரிங்கம்மா." நான் சிரித்தேன், அக்கா. பல்லெல்லாம் தெரியச் சிரித்தேன். அந்தப் படம் இன்னும் ஃபேஸ்புக்கில் கிடக்கிறது. இன்று அதைப் பார்த்தால் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போல இருக்கிறது.

ஏன் என்று சொல்கிறேன். புது வக்கீல் தனுஜா, சின்னப் பெண், காசு வாங்காமல் பார்க்கிறார். பழைய கேஸ் கட்டு முழுவதையும் நகல் எடுக்க, நான் வேலை செய்யும் சூலியா தெருக் கடைக்கே கொண்டுவந்தார். முதலாளி முஸ்தஃபா "எடுத்துக்கம்மா, மெஷின் சும்மாத்தானே நிக்குது" என்றார். நானூற்றுச் சொச்சம் பக்கம், எல்லாம் இங்கிலீஷ். நான் எடுத்து அடுக்க அடுக்க, தனுஜா நின்றபடியே படித்துக்கொண்டு வந்தார். திடீரென்று கேட்டார்:

"அக்கா, அன்னிக்கி உங்க அண்ணன் வீட்டுக்கு வந்து, ஆறு தடவ அடிச்சேன்னு உங்ககிட்ட சொன்னாரா?"

"ஆமா, சொல்லுச்சு."

"அத ஏங்க்கா கோர்ட்ல சொன்னீங்க?"

"ஏன் சொல்லக்கூடாது? அடிச்சுச்சு, அவன் எடுக்கல. அதானே நடந்துச்சு?"

"எத எடுக்கல?"

"போனத்தான். வேற எத?"

அந்தப் பெண் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

உங்களுக்குத் தெரியாத கதை இல்லை. இருந்தாலும் இனிமேல் எல்லாவற்றையும் எழுதி வைக்கவேண்டும் என்கிறார் தனுஜா, அதனால் எழுதுகிறேன். அண்ணனும் வாசுவும் சிம்பாங் அம்பாட்டில் ஒரே பட்டறையில் வேலை செய்தார்கள், ஒரே உறுமி மேளக் குழுவில் வாசித்தார்கள். கோவில் திருவிழாவில் யார் முன்னால் நின்று வாசிப்பது என்று சண்டை. ஊரே பார்த்தது. இரண்டு நாள் கழித்து, சமாதானம் பேச அண்ணன் வாசுவைப் போனில் கூப்பிட்டான். ஆறு தடவை. எடுக்கவில்லை. வீட்டுக்கு வந்து என்னிடம் சொல்லிவிட்டு, நேரிலேயே பார்க்கலாம் என்று பட்டறைக்குப் போனான். பின்பக்கம் வாசு மண்டை உடைந்து கிடந்தான். தூக்கினான். சட்டையெல்லாம் ரத்தம். அவ்வளவுதான் அவன் செய்த குற்றம்.

நான் சாட்சிக் கூண்டில் ஏறிச் சொன்னது இதைத்தான். ஜட்ஜ் கைப்பட எழுதிய குறிப்பில் இருப்பதைத் தமிழில் சொன்னால் இப்படி வருகிறது: "நான் அவனை ஆறு தடவை அடித்தேன், அவன் எழுந்திருக்கவில்லை என்று அண்ணன் என்னிடம் சொன்னார்." வாசுவின் தலையில் இருந்ததும் ஐந்தாறு காயமாம். தீர்ப்பில் மூன்று இடத்தில் இந்த வாக்கியம் வருகிறது. கூடப்பிறந்த தங்கையே சொல்லிவிட்டாள், இதற்குமேல் என்ன வேண்டும் என்று எழுதியிருக்கிறார்.

அக்கா, அப்போது எனக்கு இருபது வயது. அழுதுகொண்டே தமிழில் சொன்னேன். அதை இங்கிலீஷில் ஜட்ஜுக்குச் சொன்னவர் நீங்கள். பக்கத்தில் இரண்டு மொழியும் தெரிந்தவர் வேறு யாரும் இல்லை, அண்ணனின் அப்போதைய வக்கீலுக்கும் தமிழ் தெரியாது. அந்தக் காலத்தில் குரல் பதிவும் கிடையாது. ஆக, நான் என்ன சொன்னேன் என்று சொல்லக்கூடிய ஆள் இந்த உலகத்தில் நீங்கள் ஒருவர்தான்.

தவறு யாருக்கும் வரும். நீங்கள் வேண்டுமென்று செய்யமாட்டீர்கள் என்று எனக்குத் தெரியும். என் கல்யாணத்தில் என் அம்மா வரமாட்டேன் என்று அடம்பிடித்தபோது, தாய் ஸ்தானத்தில் மணவறையில் நின்றவர் நீங்கள். ஒரே ஒரு சத்தியப் பிரமாணம் எழுதிக் கொடுங்கள். அதை வைத்து முதலில் பிரம்படியை நிறுத்தலாம், பிறகு கேஸையே திறக்கச் சொல்லலாம் என்கிறார் தனுஜா.

உங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
ஜெகா


பாலிக் புலாவ்
2 மார்ச் 2024

என் அருமை ஜெகாவுக்கு,

அக்காவின் ஆசிகள். உன் கடிதம் கிடைத்த அன்றே பதில் எழுத உட்கார்ந்தேன். கை ஓடவில்லை. மூன்று தாள் கிழித்த பிறகு இது நான்காவது.

லோகேஸ்வரனின் உயிர் தப்பியது கேட்டுக் கோவிலில் அர்ச்சனை செய்தேன். எத்தனை வருட வேண்டுதல் அம்மா இது! அவன் இருக்கிறான், மூச்சு விடுகிறான், மூன்றே வருடத்தில் உன் வீட்டுச் சோற்றைச் சாப்பிடப் போகிறான். இதைக் கெட்டியாகப் பிடித்துக்கொள். வந்த மகாலட்சுமியைக் கேள்வி கேட்டு வாசலில் நிறுத்தாதே.

நீ கேட்டதற்கு வருகிறேன். நான் முப்பத்தொரு வருடம் அந்த வேலை பார்த்தேன். ஒரு நாளைக்கு நான்கு கேஸ், ஐந்து கேஸ். தமிழ், மலாய், இங்கிலீஷ், மாற்றி மாற்றிப் பேசிப் பேசி, சாயங்காலம் வீட்டில் எந்த மொழியில் பேசுகிறேன் என்றே தெரியாது. உன் சாட்சியம் நடந்து பதினைந்து வருடம் ஆகிறது. எனக்கு அந்த நாளே நினைவில் இல்லை. நினைவில் இல்லாததைச் சத்தியம் செய்து எப்படி எழுதுவேன்?

என் மேல் கோபப்படாமல் யோசித்துப் பார். நீ 'போன்' என்ற சொல்லைச் சொல்லியிருந்தால் நான் அப்படியே சொல்லியிருப்பேன். அந்தச் சொல் உன் வாயிலிருந்து வரவே இல்லை. அழுகைக்கு நடுவில் நீ முழுங்கிய வார்த்தைகளுக்கு நான் என்ன செய்வது?

நித்யா வேலையில் சேர்ந்துவிட்டாள். மாஜிஸ்திரேட் பதவிக்கு ஜூனில் நேர்காணல். இரவு பகலாகப் படிக்கிறாள்.

ஜாதிக்காய் ஊறுகாய் போட்டேன். உன் மகள் விரும்பிச் சாப்பிடுவாளே என்று ஒரு புட்டி, பக்கத்து வீட்டு மலாய்க்காரம்மா சித்தி ஹாஜரா டவுனுக்கு வரும்போது கொடுத்தனுப்புகிறேன். உடம்பைப் பார்த்துக்கொள். பழையதைக் கிளறிப் புண்ணாக்கிக்கொள்ளாதே.

என்றும் உன் அக்கா,
குணவதி


ஜெலுத்தோங்
9 மார்ச் 2024

குணவதி அக்காவுக்கு,

ஊறுகாய் வந்தது. திறக்கவில்லை.

உங்கள் கடிதத்தை நான்கு தடவை படித்தேன். முதல் தடவை அழுதேன். பாவம், வயதாகிவிட்டது, மறந்துவிட்டார் என்று நினைத்தேன். நான்காவது தடவை படிக்கும்போது பேனாவை எடுத்து இரண்டு வரிக்கு அடியில் கோடு போட்டேன். அக்கா, அந்த நாளே நினைவில் இல்லை என்கிறீர்கள். நான்கு வரி தள்ளி, 'போன்' என்ற சொல் உன் வாயிலிருந்து வரவே இல்லை என்கிறீர்கள். நான் எழுதிய கடிதத்தின் நகல் என்னிடம் இருக்கிறது. கூண்டில் 'போன்' என்ற சொல்லை நான் சொன்னேனா, விட்டேனா என்று அதில் ஒரு வார்த்தை இல்லை. எனக்கே அது நினைவில்லை! நாளே மறந்துபோனவருக்கு, அந்த நாளில் நான் சொல்லாத சொல் மட்டும் எப்படி நினைவிருக்கிறது?

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கலாம் என்று பார்த்தீர்களா? அதுவும் என்னிடமா?

'போன்' என்று எதற்குச் சொல்லவேண்டும்? இங்கே யார் அப்படிச் சொல்கிறார்கள்? "வீட்டுக்கு அடி", "ஆபீசுக்கு அடிச்சியா", "அவனுக்கு அடி, எடுக்கலன்னா விடு". பஸ்ஸில், பசாரில், பள்ளிக்கூட வாசலில் எங்கே போனாலும் இந்தப் பேச்சுத்தான். பினாங்கில் பிறந்து வளர்ந்த நீங்கள் இதைக் கேட்டதே இல்லையா?

இதில் இன்னொரு கொடுமை உண்டு. அந்த வாரத் தமிழ்ப் பேப்பரை அம்மா மடித்து வைத்திருந்தார், இப்போது தேடி எடுத்தேன். "'ஆறு தடவை அடித்தேன்': தங்கையிடம் சொன்ன அண்ணன்" என்று பெரிய எழுத்தில் தலைப்பு. அன்று அதை நான் என் கையால் வாங்கிப் படித்தேன். சரியாகத்தான் போட்டிருக்கிறார்கள் என்று நினைத்தேன், அக்கா! என் வார்த்தைதானே அது! இங்கிலீஷுக்குப் போய்க் கொலையாகி, திரும்பித் தமிழுக்கு வந்தபோது அதே சட்டையைப் போட்டுக்கொண்டு வந்திருக்கிறது. எனக்கு எப்படித் தெரியும்? ஆனால் அம்மா அதை வேறு மாதிரி படித்திருக்கிறார். "நீ வாய மூடிக்கிட்டு இருந்திருந்தா என் புள்ள வீட்ல இருப்பான்" என்று சாகும்வரைக்கும் சொன்னார். நான் எதற்காக அப்படிச் சொல்கிறார் என்று புரியாமலே ஏழு வருடம் திட்டு வாங்கினேன். 2016-இல் அவர் கண்ணை மூடும்போதுகூட என் கையால் தண்ணீர் வாங்கவில்லை.

போன வாரம் அண்ணனைப் பார்க்கப் போனேன். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவன். சொன்னேன். நம்பவே இல்லை. "போன் அடிச்சதுக்காடி என்ன உள்ள போட்டாங்க?" என்று கேட்டான். பிறகு சிரித்தான். சிரிப்பு நிற்கவில்லை. வார்டர் வந்து தோளைத் தொட்டார். அப்போதுதான் அவன் சொன்னான்: "ஆறு தடவ அடிச்சேன்னு சொன்னதுக்கு, பன்னெண்டு அடி குடுக்கிறாங்களா? ரெண்டு பங்கு வட்டியா, ஜெகா?"

நாற்பத்தி நாலு வயது அவனுக்கு. முன்பக்கம் முடியே இல்லை.

நீங்கள் மகாலட்சுமி என்கிறீர்கள். ஒய்.பி. சீர்திருத்தம் என்கிறார். செய்யாத கொலைக்குத் தூக்கைக் குறைத்து முப்பது வருடம் ஆக்கினால் அதற்குப் பெயர் சீர்திருத்தமா? இத்தனை பேர் மேசையில் வைத்து அந்தக் கேஸைத் திருப்பினார்கள், எத்தனை வருடம் கொடுக்கலாம் என்றுதான் பார்த்தார்கள். செய்தானா என்று ஒருவர் கேட்கவில்லை. அது எங்கள் வேலை இல்லை, சட்டம் தண்டனையை மட்டும்தான் பார்க்கச் சொல்கிறது என்றார்களாம். அப்படியானால் அது யாருடைய வேலை?

ஏப்ரல் 30-க்குள் உங்கள் கையெழுத்து வேண்டும் என்கிறார் தனுஜா. வெறும் வாயால் போய் நின்றால் பிரம்படியை நிறுத்தமாட்டார்கள். நான் உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன். திட்டிக்கொண்டே கெஞ்சுகிறேன், அதுதான் இன்றைக்கு எனக்கு வருகிறது.

ஜெகா


பாலிக் புலாவ்
21 ஏப்ரல் 2024

ஜெகா,

இந்தக் கடிதத்தைப் படித்ததும் கிழித்துவிடு. நீ கிழிப்பாய் என்று நம்பித்தான் எழுதுகிறேன்.

நினைவிருக்கிறது. எல்லாமே நினைவிருக்கிறது. நீ நீலப் பாவாடை தாவணி கட்டியிருந்தாய், கைக்குட்டைகூடக் கொண்டுவரவில்லை.

எங்கள் வீட்டில் 'அடிச்சேன்' என்று யாரும் சொன்னதில்லை. என் அப்பா பழனியப்பன் செட்டியார் காரைக்குடியிலிருந்து வந்தவர். 'போனில் அழைத்தேன்' என்று சொல்லாவிட்டால் சாப்பாட்டுத் தட்டை நகர்த்திவிடுவார். வேலை, வீடு, கோவில் என்று வாழ்ந்தவள் நான். நீ விம்மிக்கொண்டே சொன்னபோது 'வாசுவுக்கு' என்பது என் காதில் 'வாசுவை' என்று விழுந்தது. அடித்தேன் என்று காது எடுத்துக்கொண்ட பிறகு, 'எடுக்கல' என்பது 'எந்திரிக்கல' ஆகிவிட்டது. கொலைக் கேஸ். பிரேதப் பரிசோதனை அறிக்கையை அன்று காலையில்தான் நானே மொழிபெயர்த்திருந்தேன். மனசு முழுக்க அந்தக் காயங்கள்தான். ஒரு நொடி, ஜெகா. ஒரே ஒரு நொடி.

அன்று மாலையே எனக்குத் தெரிந்துவிட்டது. வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் ஒரு பள்ளிக்கூடப் பெண், தோழியிடம் சொன்னாள்: "அம்மாவுக்கு மூணு தடவ அடிச்சேன்லா, எடுக்கவே இல்ல." நான் அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கி மீதித் தூரத்தை நடந்தேன்.

மறுநாள் காலை என் மேலதிகாரியிடம் போய்ச் சொன்னேன். அவர் கதவைச் சாத்தினார். "ஜட்ஜ் எழுதி முடித்துவிட்டார். இப்போது போய் நின்றால், நீ செய்த எல்லாக் கேஸையும் திறக்கச் சொல்வார்கள். இந்த மாதம்தான் உன் பதவி உயர்வுக் கோப்பு என் மேசைக்கு வந்திருக்கிறது. ஒரு சாட்சியின் ஒரு வாக்கியத்தால் ஒருவனைத் தூக்கில் போடமாட்டார்கள், போ" என்றார். நான் அதை நம்பினேன். நம்ப வேண்டியிருந்ததால் நம்பினேன். நித்யாவுக்கு எட்டு வயது, அவள் அப்பா எங்களை விட்டுப்போய் ஒரு வருடம். தீர்ப்பு வந்த அன்று கழிவறையில் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

ஆமாம், குற்ற உணர்ச்சியில்தான் உன்னைத் தேடி வந்தேன். முதல் தீபாவளிக்குப் பலகாரம் கொண்டுவந்தது அதனால்தான். ஆனால் உன் கல்யாணத்தில் நின்றது அதனால் இல்லை. உன் மகளைக் கையில் வாங்கியது அதனால் இல்லை. இதை நீ நம்பினாலும் நம்பாவிட்டாலும் அதுதான் உண்மை.

கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் ஜூலையில் போடுகிறேன். ஜூனில் நித்யாவுக்கு நேர்காணல். அம்மா பொய்யாக மொழிபெயர்த்தாள் என்று பேப்பரில் வந்தால் அந்த மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவர்கள் அவளை எப்படிப் பார்ப்பார்கள்? அவள் என்ன பாவம் செய்தாள்? பிடிபட்ட நாளிலிருந்து பதினேழு வருடம் பொறுத்தவன், இன்னும் மூன்று மாதம் பொறுக்கக்கூடாதா? அதுவரை பிரம்படி வராது, இந்த நாட்டில் எந்தக் கோப்பும் அவ்வளவு வேகமாக நகராது, எனக்குத் தெரியும்.

பிறகு இன்னொன்று. சத்தியப் பிரமாணத்தில் 'தவறாகக் கேட்டுவிட்டேன், இப்போதுதான் தெரிந்தது' என்று மட்டும் எழுதுகிறேன். பஸ்ஸில் கேட்டது, மேலதிகாரியிடம் சொன்னது, எதுவும் வேண்டாம். ஓய்வூதியம் போய்விடும் என்பதற்காக மட்டும் சொல்லவில்லை. கோவிலில் என் முகத்தைப் பார்க்கும் நாலு பேர் இருக்கிறார்கள். அந்த முகத்தைக் காப்பாற்றிக் கொடு.

உன் காலைப் பிடிக்க வேண்டியவள்தான் நான். ஜூலைவரை பொறு, அம்மா.

குணவதி


ஜெலுத்தோங்
25 ஏப்ரல் 2024

குணவதி அக்காவுக்கு,

முடியாது. ஜூலை என்று சொல்லாதீர்கள். 30-ஆம் தேதி காலை பத்து மணிக்கு நான் முதலாளியின் கெரேத்தாவை இரவல் வாங்கி ஓட்டிக்கொண்டு உங்கள் வாசலுக்கு வருகிறேன். தனுஜாவின் ஆபீசுக்குப் போய்விட்டு மதியச் சாப்பாட்டுக்குள் வீட்டில் கொண்டுவந்து விடுகிறேன். நித்யாவின் பெயர் எங்கும் வராது. எப்படி எழுதுவது என்பதை அங்கே பேசிக்கொள்ளலாம், ஆனால் கையெழுத்து அன்றைக்கே வேண்டும்.

நீங்கள் எழுதியதைப் படித்த பிறகும் 'அக்கா' என்றுதான் எழுத வருகிறது. கிளம்பி நில்லுங்கள். வேறொன்றும் நான் கேட்கவில்லை.

ஜெகா


ஜெலுத்தோங்
16 ஜூன் 2024

திருமதி குணவதி அவர்களுக்கு,

ஏப்ரல் 30-ஆம் தேதி உங்கள் வாசலில் ஒரு மணி நேரம் நின்றேன். ஜன்னல் திரை அசைந்ததைப் பார்த்தேன். சித்தி ஹாஜராதான் வெளியே வந்து, நீங்கள் முதல் நாளே கோலாலம்பூருக்கு மகள் வீட்டுக்குப் போய்விட்டதாகச் சொன்னார். பாவம், அவருக்குப் பொய் சொல்லத் தெரியவில்லை, கீழே பார்த்துக்கொண்டே சொன்னார். மே மாதம் இரண்டு கடிதம் போட்டேன். பதில் இல்லை.

இந்த மாதம் நான்காம் தேதி, செவ்வாய்க்கிழமை காலை, அண்ணனுக்குப் பிரம்படி கொடுத்துவிட்டார்கள். பன்னிரண்டும்.

எனக்கு யாரும் சொல்லவில்லை. சனிக்கிழமை பார்க்கப் போனபோதுதான் தெரியும். அவனை நடத்திக் கூட்டிவந்தார்கள். உட்காரவில்லை. முக்கால் மணி நேரமும் கண்ணாடிக்கு முன்னால் நின்றுகொண்டே, போனைக் காதில் வைத்துக்கொண்டு, மகள் என்ன படிக்கிறாள், முதலாளி சம்பளம் கூட்டினாரா என்று கேட்டுக்கொண்டிருந்தான். "உக்காரேன்டா" என்றேன். "இல்லடி, இப்படியே இருக்கேன்" என்றான். அப்புறம்தான் புரிந்தது. கீழே பார்க்காதே என்று திட்டினான். ஏழாவதில் மயக்கம் வந்ததாம், டாக்டர் பார்த்துவிட்டுத் தொடரலாம் என்றாராம். நான்தான் கேட்டுக் கேட்டு வாங்கினேன், அவன் சொல்லவில்லை.

எந்தக் கோப்பும் வேகமாக நகராது என்றீர்கள். இது நகர்ந்துவிட்டது.

நீங்கள் அன்று காரில் ஏறியிருந்தால் இது நடந்திருக்காது என்று நான் சத்தியம் செய்யமாட்டேன். நிறுத்தச் சொல்லிக் கேட்டிருப்போம், கொடுத்தாலும் கொடுத்திருப்பார்கள், மறுத்தாலும் மறுத்திருப்பார்கள். ஆனால் கேட்கவே விடாமல் செய்தது நீங்கள்தான். 2009-இல் நீங்கள் செய்தது ஒரு நொடித் தவறு, ஒப்புக்கொள்கிறேன். எனக்கும் காது தவறியிருக்கிறது, எல்லாருக்கும் தவறும். இந்த வருடம் நீங்கள் செய்தது தவறு இல்லை. திரைக்குப் பின்னால் நின்றுகொண்டு செய்தது.

உங்கள் மேலதிகாரி உங்களிடம் எதைச் சொன்னாரோ அதையேதான் நீங்கள் என்னிடம் சொன்னீர்கள். அன்று உங்கள் பதவி உயர்வு, இன்று உங்கள் மகளின் நேர்காணல். உங்களுக்கு அது தெரியவில்லையா? மொழி மாற்றுவதே தொழிலாக வைத்திருந்தவருக்கு?

உங்கள் ஏப்ரல் கடிதத்தை நான் கிழிக்கவில்லை. கிழிக்கக் கையில் எடுத்தேன், உண்மை. என் மகளைக் கையில் வாங்கியது குற்ற உணர்ச்சியால் இல்லை என்று எழுதியிருந்த இடத்தில் கை நின்றுவிட்டது. அதை நான் நம்புகிறேன். இப்போதும் நம்புகிறேன், அதனால்தான் எனக்கு இவ்வளவு வயிறு எரிகிறது. யாரோ ஒருத்தி செய்திருந்தால் மண்ணை வாரித் தூற்றிவிட்டுப் போயிருப்பேன்.

சனிக்கிழமை சிறையிலிருந்து நேராக தனுஜா வீட்டுக்குப் போய் அந்தக் கடிதத்தைக் கொடுத்தேன். அவருக்குத் தமிழ் படிக்க வராது. நானே உரக்கப் படித்துக் காட்டினேன். இந்த ஒன்றே போதும், உங்கள் கையெழுத்துக்குக் காத்திருக்கவேண்டாம் என்றார். முதலில் எனக்குக் கொடுக்க மனசில்லாமல்தான் இருந்தது, நீங்களே வருவீர்கள் என்று மே முழுவதும் வைத்துக்கொண்டிருந்தேன். ஒருவர் அழுது எழுதியதை எடுத்துக்கொண்டு போய்க் கோர்ட்டில் விரிப்பது நல்ல பழக்கம் இல்லை. ஆனால் அண்ணன் நின்றுகொண்டே பேசியது கண்ணுக்குள் இருந்தது.

கோர்ட்டில் கொடுக்க மலாயில் மாற்றவேண்டும். கோகிலன் என்று பதிவுபெற்ற மொழிபெயர்ப்பாளர், இளவயசு, நல்ல பிள்ளை. நான் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டேன். அவருக்குப் பிடிக்கவில்லை, "அக்கா, நீங்க வெளிய இருங்க, நான் முடிச்சிட்டு கூப்பிடுறேன்" என்றார். அசையவில்லை. 'அன்று மாலையே எனக்குத் தெரிந்துவிட்டது' என்ற இடம் வந்தது. அவர் 'பிறகு தெரிந்துகொண்டேன்' என்பது போல எழுதினார். நான் விடவில்லை. "பெரியவங்க, கொஞ்சம் மென்மையா போகட்டுமேக்கா" என்றார். "பிறகுன்னு எங்க தம்பி இருக்கு? மாலையேன்னு இருக்கு. அந்த 'ஏ'யயும் சேர்த்துப் போடுங்க" என்றேன். அரை மணி நேரம் வாதாடி, அன்று மாலையே என்று வரும்படி எழுத வைத்தேன்.

உங்களுக்குக் கெடுதலாக ஒரு சொல்லும் கூட்டவிடவில்லை, அதையும் தெரிந்துகொள்ளுங்கள். 'ஒரு நொடி, ஒரே ஒரு நொடி' என்று நீங்கள் எழுதியதை ஒருமுறை போட்டால் போதும் என்றார். இரண்டு முறையும் போட வைத்தேன். நித்யாவுக்கு எட்டு வயது, அவள் அப்பா விட்டுப்போனது, கழிவறையில் அழுதது, எல்லாம் அப்படியே இருக்கிறது. நித்யாவின் நேர்காணல் பற்றிய பகுதியை மட்டும் மூடி மறைக்கும்படி தனுஜா மனுவில் கேட்டிருக்கிறார். அதை நான்தான் கேட்கச் சொன்னேன்.

ஆகஸ்ட் 14-ஆம் தேதி விசாரணை. உங்களுக்கு சம்மன் வரும். இந்த முறை வீட்டில் இல்லை என்று சொல்ல முடியாது.

கூண்டில் ஏற்றி, எந்த மொழியில் பேசுகிறீர்கள் என்று கேட்பார்கள். தமிழிலேயே பேசுங்கள். பக்கத்தில் வேறு யாராவது ஒருத்தி நின்று ஜட்ஜுக்கு மாற்றிச் சொல்வாள். அவள் எந்த வீட்டில் எந்தத் தமிழ் கேட்டு வளர்ந்தவளோ தெரியாது. அதனால் அழாதீர்கள். எந்த வார்த்தையையும் முழுங்காதீர்கள். அவள் காதில் சரியாக விழுகிற மாதிரி நிறுத்தி நிறுத்திச் சொல்லுங்கள்.

ஜெகதீஸ்வரி
லோகேஸ்வரனின் தங்கை